சொல்ல வேண்டியவருக்குச் சொன்னோமா?

(இரண்டாம் ஆண்டு கணிப்பொறியியல் பட்டயப் படிப்பு மாணவன், உத்திரமேரூர்)



ஆண்டு மலர் என்றால் கவிதை வேண்டும், சிரிப்புத் துணுக்கு வேண்டும், 'நாளைய பாரதம் நம் கையில்' என்று ஒரு கட்டுரையும் வேண்டும். அதையெல்லாம் எழுத நம்மிடையே நல்ல கைகள் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டிருப்பது கேட்டவுடனே சப்பென்று தோன்றும் விஷயம். ஒரு கணிப்பொறி தானாகவே ஈ-மெயில் அனுப்பும்போது, அது யார் யாருக்குப் போக வேண்டும் என்று எப்படித் தீர்மானிப்பது?

'இதுல என்னப்பா இருக்கு, அட்ரஸைப் போட்டா போகப் போகுது' என்று சொல்லத் தோன்றும். அந்த அட்ரஸில்தான் விஷயமே இருக்கிறது. அதை எழுதுகிறவர் எந்தக் கணக்கில் எழுதுகிறார், யாரைச் சேர்க்கிறார், யாரை விட்டுவிடுகிறார் என்பதில் ஒரு கம்பெனியே கவிழ்ந்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

புகார் நோட்டு கணிப்பொறிக்குள் போன கதை

மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து சொல்கிறேன். எந்த அலுவலகத்திலும் ஒரு புகார் நோட்டு இருக்கும். 'இன்ன தேதி, இன்ன கோளாறு, யார் பார்த்தது, சரியானதா இல்லையா' என்று எழுதி வைப்பார்கள். அதே நோட்டைக் கணிப்பொறிக்குள் வைத்தால் அதற்குப் பெயர் இஷ்யூ டிராக்கர். ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் உண்டு. கொடுத்தவர், பொறுப்பாளர், அவசரம் எவ்வளவு, இப்போதைய நிலை என்ன என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

1996ல் ஜெஸ்ஸி வின்சென்ட் என்பவர் எழுதத் தொடங்கிய ரிக்வெஸ்ட் டிராக்கர், 1998ல் மொசில்லா திட்டத்தோடு வெளிவந்த பக்ஸில்லா, 2002ல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் வெளியிட்ட ஜிரா ஆகியவை இந்த வகையில் பேர் பெற்றவை. பக்ஸில்லா என்ற பெயரைக் கேட்டு அவர்களுக்குக் காட்ஸில்லா ஞாபகம் வர, அந்தப் பூதத்தின் ஜப்பானியப் பெயரான கோஜிராவை வெட்டி ஜிரா என்று வைத்தார்களாம்! நம் தமிழ்நாட்டுச் சரக்கும் குறைந்ததில்லை. ஜோஹோவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ், 2010ல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் இரண்டும் இதே வேலையைத்தான் உலகத்துக்குச் செய்து கொடுக்கின்றன.

நோட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நோட்டு வாய் திறக்காது, நாம்தான் போய்ப் புரட்ட வேண்டும். டிராக்கரோ ஒவ்வொரு அசைவையும் ஈ-மெயிலாக அனுப்பிச் சொல்லும். அப்படியானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை யாராவது அதற்குச் சொல்லித் தந்தாக வேண்டும் அல்லவா?

பல பேர் பார்த்த பாம்பு

சோம்பேறித்தனமான வழி ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவது. நம் கிராமத்துத் தண்டோரா மாதிரி. தண்டோராவுக்கும் ஒரு காலம் இருந்தது. 2022ல் தமிழக அரசே அந்த வழக்கம் வேண்டாம், ஒலிபெருக்கியில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டது. ஆனால் கணிப்பொறித் தண்டோரா மட்டும் ஓயவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வந்தால் எவன் படிப்பான்? 'நமக்கென்ன, வேற யாராவது பார்ப்பாங்க' என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். பல பேர் பார்த்த பாம்பு சாகாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இதற்கு உலகமறிந்த சாட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்று ஒரு பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி காலை, பங்குச் சந்தை திறப்பதற்கு முன்பே, அந்நிறுவனத்தின் கணிப்பொறி அமைப்பு தன் ஊழியர்கள் சிலருக்கு 97 ஈ-மெயில் அனுப்பியது. கோளாறு எந்தப் பகுதியில் என்பதன் பெயர்கூட அந்த மெயில்களில் இருந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரலைப் போட்டு, ஒன்றை விட்டுவிட்டிருந்தார்கள். ஆனால் அந்த மெயில்களை எச்சரிக்கை என்று நினைத்து யாரும் வடிவமைக்கவில்லை. அவற்றை உடனுக்குடன் படிக்கும் வழக்கமும் அங்கே இல்லை. 9.30க்குச் சந்தை திறந்தது. சுமார் 45 நிமிடத்துக்குள் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்! மறு வருடம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வெளியிட்ட உத்தரவில் இத்தனையும் பதிவாகியிருக்கிறது.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! 'மெயில் வரவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது. தொண்ணூற்றேழு வந்தது. எழுந்து ஓட வேண்டிய ஓர் ஆளுக்கு, 'இது உன் வேலை, இப்போதே பார்' என்று சொல்லும் ஒரே ஒரு மெயில்தான் வரவில்லை.

'என்றால்' என்ற ஒரு சொல்

இதற்கு மருந்துதான் நிபந்தனை. 'இப்படி நடந்தால், இவருக்கு மட்டும்' என்று எழுதுவது. ரிக்வெஸ்ட் டிராக்கரில் இதற்கு 'ஸ்கிரிப்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மூன்று பாகம் உண்டு: நிபந்தனை, செயல், மெயிலின் வாசகம். நிபந்தனையைப் பெர்ல் மொழியில் நாமே எழுதலாம். அது 1 என்று விடை தந்தால் செயல் நடக்கும், 0 தந்தால் சும்மா இருந்துவிடும். ஜிராவில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்ரன்னர் என்ற கருவி மூலம் குரூவி மொழியில், 'பெறுநர்' கட்டத்தையே நிரலால் நிரப்பலாம். மொழி எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். ஒரு கல்லூரி லேபுக்கு நம் தமிழிலேயே எழுதிப் பார்ப்போம்:

1. புதுப் புகார் பதிவானால், அந்த லேபின் பொறுப்பாளருக்கு மெயில். புகார் கொடுத்த மாணவருக்கு 'பதிவாகிவிட்டது' என்று ஒரு மெயில்.

2. அவசரம் 'சாதாரணம்' என்பதிலிருந்து 'மிக அவசரம்' என்று மாறினால், துறைத் தலைவருக்கும்.

3. புகார் மின்சாரம் சம்பந்தப்பட்டது என்றால், எலக்ட்ரீஷியனுக்கும்.

4. மூன்று வேலை நாளாக யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், பொறுப்பாளருக்கு மேலே உள்ளவருக்கு.

5. மேற்படி எதிலும் ஒருவர் பெயரும் கிடைக்காவிட்டால், அலுவலகக் கண்காணிப்பாளருக்கு.

பார்க்கச் சுலபம்தான். எழுதும்போது வழுக்கும் இடங்கள் சில உண்டு. இரண்டாம் விதியில் 'மாறினால்' என்று எழுதியிருக்கிறேன், 'இருந்தால்' என்று எழுதவில்லை. 'இருந்தால்' என்று எழுதினால், அந்தப் புகாரில் யாராவது ஒரு கமா போட்டால்கூடத் துறைத் தலைவருக்கு மெயில் பறக்கும். நாலாவது நாள் அவர் படிப்பதை நிறுத்திவிடுவார். புலி வருது கதைதான்.

அடுத்து, விதியில் ஆளின் பெயரை எழுதக் கூடாது, பதவியை எழுத வேண்டும். ஆள் மாற்றலாகிப் போனால் அவர் பழைய முகவரிக்குப் போகும் மெயில் செவிடன் காதில் ஊதிய சங்குதான். மூன்றாவதாக, தான் செய்த மாற்றத்தைத் தனக்கே மெயிலாக அனுப்புவது வீண். ரிக்வெஸ்ட் டிராக்கர் முதலிலிருந்தே அதைத் தவிர்த்துவிடுகிறது. நாலாவது, சுற்று. ஒருவர் 'நான் லீவில் இருக்கிறேன்' என்று தானியங்கிப் பதில் வைத்திருப்பார். அந்தப் பதிலையும் புகாரில் சேர்ந்த புதுச் செய்தி என்று எடுத்துக்கொண்டு டிராக்கர் அவருக்கே மறுபடி மெயில் போடும், அதற்கும் பதில் வரும். இரண்டு இயந்திரங்கள் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும்!

எல்லாவற்றையும்விட முக்கியம் ஐந்தாவது விதி. பொறுப்பாளர் கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. அப்போது மெயில் யாருக்கும் போகாது. யாருக்கும் போகவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. புகார் கொடுத்தவன் மட்டும் காத்துக்கொண்டிருப்பான்.

'அனுப்பப்பட்டது' என்றால் 'சேர்ந்தது' ஆகுமா?

காத்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற முதல் ஆள் நான். அப்பா கழனி வேலை, நெல் அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர். முதலாம் ஆண்டில் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டபோது, படிவத்தில் பெற்றோர் கைபேசி எண்ணுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. அப்பா எண்ணைக் கொடுத்தோம். சில மாதம் கழித்து, வங்கிக் கணக்கு விவரத்தை ஏழு நாளைக்குள் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில், அப்பாவின் பட்டன் போனுக்கு. ரீசார்ஜ் விளம்பரமும் ஆங்கிலத்தில்தான் வருகிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று ஏமாற்றுகிறவன் அனுப்புவதும் அப்படித்தான் வருகிறது. அவர் எதைக் கண்டார்?

ஏழு நாள் போனது, அந்த வருடப் பணமும் போனது. விசாரிக்கப் போன இடத்தில் கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினார்கள். எங்கள் பெயருக்கு நேரே 'அனுப்பப்பட்டது' என்று பச்சை நிறத்தில் இருந்தது. அவர்கள் சொன்னது பொய்யில்லை. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனதும் பொய்யில்லை.

இதை யார் மேலும் கோபத்தில் எழுதவில்லை. அப்பா மேல் குற்றமில்லை. கவுன்டரில் இருந்தவரும் தன் வேலையைத்தான் பார்த்தார். குற்றம் அந்த விதியில் இருக்கிறது. 'பெற்றோருக்கு அனுப்பு' என்ற ஒரே வரியோடு விதி முடிந்துவிட்டது. 'நாலு நாளில் பதில் இல்லையென்றால் மாணவருக்கு அனுப்பு, அப்போதும் இல்லையென்றால் கல்லூரிக்குச் சொல்' என்று இன்னும் இரண்டு வரி இருந்திருந்தால் போதும். தமிழில் எழுதியிருந்தால், பக்கத்தில் வேலை செய்கிற யாராவது அப்பாவுக்குப் படித்துச் சொல்லியிருப்பார்கள். நிரலாக எழுதினால் பத்து வரி வருமா? அந்தப் பத்து வரி இல்லாததால் எத்தனை வீட்டில் எத்தனை கம்மல் போனதோ!

அந்த விதியை எழுதியவர் கெட்டவராக இருக்க மாட்டார். 'அப்பா என்றால் படித்திருப்பார், கையில் நல்ல போன் இருக்கும்' என்று தன் வீட்டை மனதில் வைத்து எழுதியிருப்பார். நம் வீடு அவருக்குத் தெரியாது. நம் வீட்டைத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டாமா? அதற்குத்தான் நாமெல்லாம் படிக்கிறோம் என்பேன்.

கல்லில் எழுதிய நிபந்தனைகள்

யார் உள்ளே, யார் வெளியே என்று நிபந்தனை எழுதும் வேலை கணிப்பொறியோடு பிறந்ததில்லை. அதற்கு எங்கள் ஊரே சாட்சி. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிப் புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்தோமே, அதேதான்.

கணிப்பொறி மாணவனாக அதைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்திருக்கிறார்கள். எவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருந்தால், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருந்தால், வயது 35க்கு மேல் 70க்குள் இருந்தால், வேதம் கற்றிருந்தால். அரைக்கால் வேலிதான் இருக்கிறதா? ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லத் தெரிந்தால் அவரையும் சேர்க்கலாம். கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவரா? சேர்க்காதே. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரா? அவரையும் சேர்க்காதே, அவர் உறவினரையும் சேர்க்காதே. 'என்றால்', 'இல்லாவிட்டால்', 'தவிர'... முழுக்க முழுக்க நிரல்! 919ல் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 921ல் 35 முதல் 70 என்று ஆகியிருக்கிறது. முதல் பதிப்பில் ஏதோ சரியில்லை என்று இரண்டே ஆண்டில் திருத்தியிருக்கிறார்கள்.

பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். அது பிராமணர்களின் சபை. நிலமில்லாதவர், வேதம் படிக்க வழியில்லாதவர், பெண்கள் எவர் பெயரும் அந்தக் குடத்தில் விழ முடியாது. அந்த ஏரி வாரியம் காத்த தண்ணீரில் நாற்று நட்டவர்களுக்கு அந்த வாரியத்தில் ஓலை இல்லை. என் முன்னோர் இந்தப் பக்கத்துக்காரர்களாக இருந்தால், நிச்சயம் அந்தக் கணக்கில்தான் இருந்திருப்பார்கள்.

இருந்தும் அந்தக் கல்வெட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் நிபந்தனையை ஒளிக்கவில்லை. நடுச்சுவரில் வெட்டி வைத்தார்கள். ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன். அதை வாங்கும் நடுநிலையாளர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், வாசிக்க வேண்டும். அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதை வாசிக்க வேண்டும். விதி கண்ணெதிரே இருந்ததால்தான் ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் 'இது சரி, இது அநியாயம்' என்று நான் நின்று பேச முடிகிறது. என் அப்பாவை விட்டுவிட்ட விதி எந்தச் சுவரில் இருக்கிறது? அது ஏதோ ஒரு சர்வருக்குள் கிடக்கிறது. அதைப் படிக்கவும் முடியாது, தப்பு என்று காட்டவும் முடியாது.

நாம் செய்யக் கூடியது

முதலாவதாக, கணிப்பொறித் துறை நண்பர்களுக்கு. நம்மில் பலருக்கு முதல் வேலை சப்போர்ட் வேலையாகத்தான் கிடைக்கும். வல்லாஞ்சேரியில் இருக்கிற ஜோஹோ, பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்துத் தானே பயிற்சி தருகிறது. அதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கியிருக்கிறார்கள். அங்கேயோ வேறு எங்கேயோ, 'இந்த நோட்டிஃபிகேஷன் ரூலைப் போட்டுடுப்பா' என்று சின்ன வேலையாக நம் தலையில் கட்டுவார்கள். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். எழுதியதும் உண்மையான ஆட்களுக்கு அனுப்பாமல், சோதனை முகவரி வைத்து ஒவ்வொரு 'என்றால்'-ஐயும் ஒரு தடவை நடத்திப் பாருங்கள். காலிக் கட்டத்தை மறக்காதீர்கள். விதியைச் சாதாரணத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, மெயில் பெறுகிறவர்களிடம் காட்டுங்கள்.

இரண்டாவதாக, மற்றத் துறை நண்பர்களுக்கு. நம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் லைனில் 'ஆண்டான்' விளக்கைப் பார்ப்பீர்கள். நம்மூர் ஆண்டான் அடிமைக் கதை ஆண்டான் இல்லை! விளக்கு என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். இதுவும் அதே நிபந்தனைதான். யார் வர வேண்டும், வராவிட்டால் அடுத்து யார் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக, நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உதவித்தொகை, தேர்வுக் கட்டணம், பஸ் பாஸ் எதுவானாலும், எந்தச் செய்தி யாருக்கு, எந்த மொழியில், எத்தனை நாளில் வரும், பதில் இல்லாவிட்டால் அடுத்து யாருக்கு என்று ஒரே தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். பெற்றோர் எண்ணோடு மாணவர் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். செலவு ஒரு வெள்ளைத் தாளும் கொஞ்சம் பசையும்தான். அதில் தப்பிருந்தால் நாமே காட்டித் திருத்தச் சொல்லலாம்.

ஒரு செய்தியை அனுப்பியவர் கடமை அனுப்பியதோடு முடிவதில்லை, அது உரியவரைச் சேர்ந்தால்தான் முடிகிறது என்பதே என் தாழ்மையான கருத்து. நாளை நாம் எழுதப் போகும் ஒவ்வொரு விதியிலும், படிக்கத் தெரியாத ஒரு தகப்பனுக்கும் இடம் இருக்கட்டும்.